இரவல் தைரியம்

துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "ரொம்பக் கஷ்டப்பட்டாரா?" என்பதுதான். "இல்லீங்க, காபி குடிச்சிட்டுப் படுத்தவர், தூக்கத்துலயே போயிட்டார்" என்று பதில் வந்தால் கேட்டவர் முகம் தெளிந்துவிடும். புண்ணியவான், கொடுத்துவைத்தவர் என்று இரண்டு பட்டங்களும் அங்கேயே வழங்கப்படும். கிறிஸ்தவ வீடுகளில் இந்த விசாரணை இன்னும் கொஞ்சம் கறாரானது. தினப் பூசைக்குப் போனவர், ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலையை ஒருநாளும் விடாதவர், கடைசி வாரத்தில் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு "என்னை விட்டுட்டுப் போயிடாதீங்க" என்று அலறினார் என்று தெரிந்தால் போதும், கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும் வழியிலேயே பேச்சு தொடங்கிவிடும். இவ்வளவு ஜெபம் பண்ணினவருக்கா இப்படி? உள்ளுக்குள் என்ன இருந்ததோ? விசுவாசம் ஒரு பாடம், சாவு அதன் ஆண்டுத் தேர்வு என்ற எண்ணம் நம்மிடம் அப்படி வேரோடிப்போயிருக்கிறது.

அமைதியாகச் சாக ஆசைப்படுவதில் தப்பில்லை. கத்தோலிக்கர்கள் அதற்கென்றே ஒரு புனிதரை வைத்திருக்கிறார்கள். சூசையப்பர் நன்மரணத்தின் பாதுகாவலர். ஒரு பக்கம் மரியாள், மறுபக்கம் இயேசு, நடுவில் அவர் கண்மூடினார் என்பது மரபு. நற்செய்தி நூல்களில் அவருடைய இறப்பைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. வீரமாமுனிவரின் தேம்பாவணிக்குக் காப்பியத் தலைவனும் அவர்தான், வளன் என்ற பெயரில். மரணப் படுக்கையில் கிடக்கும் சூசையப்பர் படத்தைச் சுவரில் மாட்டி, அப்படி ஒரு சாவைத் தா என்று தினமும் வேண்டிக்கொண்ட தலைமுறைகள் நம்மிடம் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த இருவரும் இரண்டு பக்கமும் நின்றால் யாருக்குத்தான் பயம் வரும்?

ஆனால் அந்தக் கட்டிலருகே நின்ற மகன் அப்படிச் சாகவில்லை.

நான்கு நற்செய்திகளில் பழையது என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுவது மாற்கு எழுதியது. கெத்சமனித் தோட்டத்து இரவை அவர் எந்தப் பூச்சும் இல்லாமல் சொல்கிறார். பாஸ்கா விருந்து முடிந்து, பேதுரு, யாக்கோபு, யோவான் மூவரை மட்டும் தனியே கூட்டிக்கொண்டு போகிறார் இயேசு. போகும்போதே திகிலும் கலக்கமும் அவரைப் பிடித்துக்கொள்கின்றன. செத்துவிடுவேன் போலிருக்கிறது, இங்கேயே விழித்திருங்கள் என்று அந்த மீனவர்களிடம் கேட்கிறார். கொஞ்சம் தள்ளிப்போய்த் தரையில் விழுகிறார். இந்தக் கிண்ணம் என்னைவிட்டு நீங்காதா என்று தந்தையிடம் மன்றாடுகிறார். உம் விருப்பம் நடக்கட்டும் என்பது அதற்குப் பிறகுதான் வருகிறது. மூன்று முறை திரும்பி வந்து பார்க்கிறார்; மூன்று முறையும் நண்பர்கள் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். வியர்வை இரத்தத் துளிகளைப் போல விழுந்தது என்று லூக்கா சேர்க்கிறார். எபிரேயருக்குத் திருமடல் எழுதியவர் ஒளிவுமறைவே வைக்கவில்லை. உரக்க அழுதார், கண்ணீர் விட்டார் என்று எழுதிவிட்டார்.

ஆதித் திருச்சபைக்கு இது சங்கடமான காட்சி. இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தைத் தாக்கி எழுதிய தத்துவவாதி செல்சுஸ் நேராக இங்கேதான் கை வைத்தார். கடவுள் என்கிறீர்கள், சாவுக்குப் பயந்து புலம்புகிறாரே? பல பத்தாண்டுகள் கழித்து கிறிஸ்தவ இறையியலாளர் ஓரிகன் அவருக்கு நீண்ட மறுப்பு எழுதவேண்டி வந்தது. கேள்வி நியாயமானதுதான். கிரேக்க உலகம் அறிந்த உயர்ந்த சாவு கி.மு. 399-இல் ஏதென்ஸ் சிறையில் நடந்தது. சாக்ரடீஸ் நஞ்சுக் கோப்பையைக் கை நடுங்காமல் வாங்கிக் குடித்தார், அழுத நண்பர்களைக் கண்டித்தார். அந்தச் சாவோடு வைத்துப் பார்த்தால் தோட்டத்தில் முகங்குப்புற விழுந்து கிடப்பவர் பரிதாபமாகத்தான் தெரிவார். ஆஸ்கர் குல்மான் என்ற பைபிள் அறிஞர் 1955-இல் ஹார்வர்டில் ஆற்றிய உரையில் இந்த இரண்டு சாவுகளையும் அருகருகே நிறுத்திக் காட்டினார். உடல் என்ற சிறையிலிருந்து ஆன்மாவை விடுவிக்க வருகிற நண்பன் என்று சாவை நினைத்தவர் சாக்ரடீஸ். நண்பனுக்கு ஏன் பயப்பட வேண்டும்? இயேசுவுக்குச் சாவு எதிரி. பவுலும் அதைக் கடைசி எதிரி என்றுதான் எழுதினார். எதிரியைப் பார்த்துத் திகிலடைவதில் அவமானம் ஏதும் இல்லை.

நம் ஊர்ப் பக்தி மரபு இந்த இடத்தில் வேறொரு காட்சியை வைத்திருக்கிறது. திருக்கடையூரில் பதினாறு வயது மார்க்கண்டேயன் லிங்கத்தைக் கட்டிக்கொள்கிறான். எமன் வீசிய பாசக்கயிறு லிங்கத்தின் மேலும் விழுகிறது. சிவன் வெளிப்பட்டு எமனை எட்டி உதைக்கிறார். இன்றும் அறுபதாம் கல்யாணத்துக்குக் குடும்பம் குடும்பமாக அங்கே போகிறார்கள் என்றால், சாவை உதைக்கும் ஒரு கால் வேண்டும் என்ற ஏக்கம் அவ்வளவு பழையது, அவ்வளவு உண்மையானது. எமனுக்கு அஞ்சோம் என்று அப்பர் பாட முடிந்ததும் அந்தக் காலின் பலத்தில்தான். கெத்சமனியில் உதைக்க யாரும் வரவில்லை. கடவுளே அங்கே மார்க்கண்டேயனின் இடத்தில் நிற்கிறார். கட்டிக்கொள்ளத்தான் எதுவும் இல்லை.

மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தாரே, அதுதானே பயத்துக்குப் பதில் என்று யாராவது சொல்லலாம். மறுக்கவில்லை, ஈஸ்டர் இல்லாவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொல்லப்படுவேன், மூன்று நாளில் எழுவேன் என்று இயேசு முன்கூட்டியே சொல்வதாக மாற்கு மூன்று இடங்களில் எழுதுகிறார். முடிவு தெரிந்தவர்தான் அந்த இரவில் நடுங்கினார். உயிர்ப்பை உறுதியாக நம்பினால் பயம் தானே ஓடிவிடும் என்று மரணப் படுக்கையருகே நின்று உபதேசிப்பவர்கள், நோயாளியிடம் ஆண்டவரால் முடியாததையே எதிர்பார்க்கிறார்கள்.

அப்படியானால் விசுவாசத்தால் என்ன பயன்?

இந்தக் கேள்வியோடு சிறையில் உட்கார்ந்து எழுதியவர் ஒருவர் இருக்கிறார். தாமஸ் மோர் இங்கிலாந்தின் உயர்நீதிப் பதவியில் இருந்தவர். அரசன் எட்டாம் ஹென்றியின் வாரிசுரிமைச் சட்டத்தை ஏற்றுச் சத்தியம் செய்ய மறுத்து, 1534-இல் லண்டன் கோபுரச் சிறைக்குப் போனார். துரோகத்துக்குச் சட்டம் வைத்திருந்த தண்டனை தூக்கிலிட்டு, உயிரோடு வயிற்றைக் கிழித்து, நான்காக வெட்டுவது. அதை நினைத்து அவர் மிகவும் பயந்தார். மகள் மார்கரெட்டுக்கு எழுதிய கடிதங்களில் அதை மறைக்கவும் இல்லை. அந்த மாதங்களில்தான் கெத்சமனி இரவைப் பற்றி லத்தீனில் ஒரு நூல் எழுதினார். அதில் தைரியசாலிகளுக்கு அவரிடம் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆயிரம் வீர மறைசாட்சிகள் இருக்கிறார்கள், பின்பற்றிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார். அவருடைய கவலையெல்லாம் கோழைகளைப் பற்றியது. பயந்து நடுங்குகிற ஆட்டுக்கு ஒரு மேய்ப்பன் வேண்டாமா? கிறிஸ்து தானே முன்வந்து பயந்தது அந்த ஆட்டுக்காகத்தான். தனியாக நடக்கும் துணிவு இல்லாவிட்டால் என் அங்கியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வா என்று அவர் சொல்வதாக மோர் எழுதுகிறார். இயேசுவின் மேல் கை வைத்துப் பிடிக்கிற இடத்துக்கு நூல் வந்தபோது புத்தகங்களும் எழுதுபொருள்களும் பறிக்கப்பட்டன. 1535 ஜூலை 6 அன்று அவர் தலை வெட்டப்பட்டது; கோரமான தண்டனையை அரசன் அந்த அளவுக்குக் குறைத்திருந்தான். கையெழுத்துப் பிரதி இன்று ஸ்பெயினில், வலென்சியா நகரத்தில் இருக்கிறது.

அங்கியின் ஓரத்தைப் பிடித்துக்கொள்வது. இந்த யோசனையை அதன் எல்லைவரை கொண்டுபோனவர், எனக்குத் தெரிந்து, பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் பெர்னனோஸ். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது பிரெஞ்சுப் புரட்சியில் நடந்த ஒரு கதை.

பாரிசுக்கு வடக்கே கொம்பியேன் என்ற ஊரில் கார்மேல் சபைக் கன்னியர் மடம் ஒன்று இருந்தது. புரட்சி அரசு 1792 செப்டம்பரில் அவர்களை வெளியேற்றியது. சாதாரண உடையில், சிறு சிறு குழுக்களாக ஊருக்குள் குடியிருந்து ஜெப வாழ்வைத் தொடர்ந்தார்கள். 1794 ஜூனில் கைது. ஜூலை 17 அன்று ஒரே நாளில் விசாரணை, தீர்ப்பு, கில்லட்டின். மொத்தம் 16 பேர். மதவெறியர்கள் என்று அரசு வழக்கறிஞர் குற்றம் சாட்டியபோது, அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று ஒரு கன்னியர் விளக்கம் கேட்டார். உங்கள் மதத்தின் மேல் உள்ள பற்றுதான் என்ற பொருளில் பதில் வந்ததும், அப்படியானால் எதற்காகச் சாகிறோம் என்று தெரிந்துவிட்டது என்று தோழியர் பக்கம் திரும்பி மகிழ்ந்தாராம். வண்டியில் பாடிக்கொண்டே போனார்கள். முதலில் ஏறியவர் கான்ஸ்டன்ஸ், 29 வயது. துறவற வார்த்தைப்பாடுகளுக்கு அரசு தடைபோட்டிருந்ததால் பல ஆண்டுகளாகப் பயிற்சி நிலையிலேயே காத்திருந்தவர். ஒவ்வொருவரும் மடத்தலைவியின் முன் மண்டியிட்டு, சாக அனுமதி கேட்டு, பிறகு மேடையேறினார்கள். தலைவி கடைசி. பத்தே நாளில் புரட்சி அரசை நடத்திய ரோபெஸ்பியர் வீழ்ந்தார். பாரிசின் பிக்புஸ் இடுகாட்டுப் பெருங்குழிகளில் அந்தக் கோடையில் கொட்டப்பட்ட 1,306 உடல்களில் இந்தப் பதினாறும் அடக்கம். திருச்சபை 1906-இல் அவர்களுக்கு முத்திப்பேறு பட்டமும், 2024 டிசம்பரில் புனிதர் பட்டமும் வழங்கியது.

இவ்வளவு வீரமான கதையில் பயத்துக்கு எங்கே இடம்? ஜெர்மன் எழுத்தாளர் கெர்ட்ரூட் ஃபான் லெ ஃபோர்ட் 1931-இல் இதைக் குறுநாவலாக்கியபோது பதினேழாவது ஆளாக ஒருத்தியைக் கற்பித்துச் சேர்த்தார்: பிளான்ஷ் தெ லா ஃபோர்ஸ். பிறந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் பயப்படும் பெண், பயத்திலிருந்து தப்பிக்கவே மடத்தில் சேர்கிறாள். அந்தக் குடும்பப் பெயரைத் தன் பெயரிலிருந்தே எடுத்துக்கொடுத்தார் ஆசிரியர். அந்த நாட்களில் ஜெர்மனிக்கு மேல் நாஜி இருள் கவிழ்ந்துகொண்டிருந்தது என்பது நாம் அறிந்ததுதான்.

இந்தக் குறுநாவலைப் படமாக்க நினைத்தவர்கள் 1947-இல் உரையாடல் எழுத பெர்னனோஸைக் கேட்டார்கள். அவர் அப்போது துனிசியாவில் இருந்தார். சிறு வயதிலிருந்தே சாவுப் பயம் விடாமல் துரத்திய மனிதர், இப்போது கல்லீரல் புற்றுநோயும் சேர்ந்துகொண்டது. 1948 மார்ச்சில் எழுதி முடித்த கையோடு படுக்கையில் விழுந்தார், ஜூலை 5 அன்று பாரிசுப் பக்கத்து மருத்துவமனையில் இறந்தார். படத்துக்குச் சரிவராது என்று ஒதுக்கப்பட்ட அந்த எழுத்து, மறு ஆண்டு நூலாக வந்தது. இசையமைப்பாளர் பூலாங்க் அதை ஆப்பராவாக்கி 1957-இல் மிலானில் மேடையேற்றிய பிறகு உலகம் சுற்றியது.

அதில் மூத்த மடத்தலைவி இறக்கும் காட்சி ஒன்று வருகிறது. அவளுக்கு 59 வயது என்று பெர்னனோஸ் எழுதுகிறார். எழுதும்போது அவருக்கும் அதே வயது. முப்பது ஆண்டுக்கு மேல் துறவறத்தில் இருந்தவள், வாழ்நாள் முழுக்கச் சாவைத் தியானித்தவள், ஊரெல்லாம் மதித்தவள். அவள் அலறிச் சாகிறாள். இவ்வளவு தியானித்தும் இந்த நேரத்தில் ஒன்றுக்கும் உதவவில்லையே என்கிறாள். கடவுள் கைவிட்டார் என்கிற அளவுக்குப் பேச்சு போகிறது. மற்றக் கன்னியர் காதில் விழாமலிருக்க உதவித்தலைவி மரி பாடுபடுகிறாள். (வரலாற்றில் அந்தத் தலைவி அப்படி இறக்கவில்லை, தோழியரோடு சேர்ந்து கில்லட்டினில்தான் இறந்தார். பெர்னனோஸ் இங்கே வரலாற்றிடம் அனுமதி கேட்கவில்லை.) மடம் அதிர்ந்துபோகிறது. கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும் நம் ஊர்க்காரர்கள் பேசும் பேச்சுத்தான் அங்கேயும்.

சிறுபிள்ளைத்தனம் மாறாத கான்ஸ்டன்ஸுக்கு மட்டும் வேறொன்று தோன்றுகிறது. கோட்டுகளைக் கழற்றிக் கொடுத்துவைக்கும் இடத்தில் சிலசமயம் ஆள் மாறிக் கொடுத்துவிடுவார்களே, அந்த மாதிரி நம் தலைவிக்கு வேறு யாருடைய சாவோ மாறி வந்துவிட்டது. அது அவளுக்கு அளவு பற்றாத சாவு, கைகூட நுழையவில்லை. அதனால் வேறு யாரோ ஒருவர் தன் நேரம் வரும்போது, இவ்வளவு சுலபமாகச் சாக முடிகிறதே என்று ஆச்சரியப்படப் போகிறார். நாம் அவரவருக்காக மட்டும் சாவதில்லை, ஒருவருக்காக இன்னொருவர், ஏன், ஒருவருடைய இடத்தில் இன்னொருவர் சாகிறோம் என்கிறாள்.

கடைசிக் காட்சியில், ஓடி ஒளிந்திருந்த பிளான்ஷ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருகிறாள். கன்னியரின் குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கி முடிகிற இடத்தில் பாட்டைத் தன் குரலில் எடுத்துக்கொண்டு மேடையேறுகிறாள். முகத்தில் பயத்தின் தடமே இல்லை. கிழவி அனுபவித்த திகில் இவளுடையது. இவள் முகத்துத் தெளிவு கிழவிக்குச் சேரவேண்டியது.

இதை நாடக ஆசிரியரின் கற்பனை என்று ஒதுக்கிவிடலாம். தர்க்கமாகப் பார்த்தால் இது எந்தக் கணக்கிலும் நிற்காது. ஒருவர் வலியை இன்னொருவர் எப்படி வாங்கிக்கொள்ள முடியும்? ஆனால் ஞாயிறுதோறும் விசுவாச அறிக்கையில் புனிதர்களின் சமூக உறவை நம்புவதாகச் சொல்கிறவர்களுக்கு இதைக் கற்பனை என்று தள்ள உரிமையில்லை. அந்த வரிக்கு ஏதாவது அர்த்தம் இருந்தால் அது இதுதான்: தைரியம் யாருடைய சொந்தச் சொத்தும் இல்லை. கெத்சமனியில் ஒருவர் பட்ட திகிலிலிருந்துதான் பின்னால் வந்த மறைசாட்சிகளின் பாட்டு பிறந்தது என்று பெர்னனோஸ் நம்பினார். பயந்து சாகிறவர் தேர்வில் தோற்றவர் இல்லை. ஒருவேளை வேறு யாருடைய பாரத்தையோ அவர் சுமந்துகொண்டு போயிருக்கலாம்.

எழுத்தறிவு இல்லாத கிராமத்துக் கத்தோலிக்கர்கள் இதைச் செய்கையில் எப்போதோ தெரிந்துவைத்திருந்தார்கள். வீட்டில் ஒருவர் அவஸ்தைப்படுகிறார் என்றால் தெருவே வந்து உட்காரும். அவர் கையில் பாடுபட்ட சுரூபத்தைப் பிடித்துவைப்பார்கள். விரல் மடங்காவிட்டால் யாராவது ஒருவர் தன் கையால் மூடிப் பிடித்துக்கொள்வார். ஜெபமாலை ஓடும். சாகிறவருக்கு வாய் அசையாது. அவருக்கான வார்த்தைகளை மற்றவர்கள் சொல்வார்கள். ஒவ்வொரு மணிக்கும் மரண நேரத்தில் எங்களுக்காக வேண்டிக்கொள் என்று மரியாளிடம் கேட்கிற ஜெபம் அது. வாழ்நாளெல்லாம் வாய்ப்பாடமாகச் சொன்னது, கடைசியில் பிறர் வாயிலிருந்து அவருக்குத் திரும்பி வருகிறது. அந்தக் கூட்டத்தில் வெற்றிலை மெல்பவர் உண்டு, பங்குத் தகராறு பேசுபவர் உண்டு. பெரிய வியாழன் இரவு, அந்தத் தோட்டத்து விழிப்பின் நினைவாக, நற்கருணை முன்னால் ஒரு மணி நேரம் விழித்திருக்கும் முறை பங்கின் சிறு குழுவான ஒவ்வொரு அன்பியத்துக்கும் வரும். அந்த ஒரு மணியில் கொட்டாவி விடாத அன்பியத்தை நான் பார்த்ததில்லை. பேதுருவே தூங்கினார். ஆனாலும் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டை ஐசியூ கதவு இப்போது மூடிவிட்டது. பார்வை நேரம் மாலையில் கொஞ்ச நேரம், ஒருவர் மட்டும், செருப்பைக் கழற்றி உறையை மாட்டிக்கொண்டு. மருத்துவத்தைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. அந்தக் கதவுக்குப் பின்னால் பிழைத்து வந்தவர்கள் என் வீட்டிலேயே உண்டு. ஆனால் சாவைப் பற்றிப் பேசும்போது இன்று பலரும் முதலில் சொல்வது தனியாகப் போய்விடுவோமோ என்ற பயத்தைத்தான்; நரகமெல்லாம் பின்னால் வருகிறது. கெத்சமனியில் இயேசு கேட்ட ஒரே மனித உதவியும் அதுதான், பக்கத்தில் இருங்கள் என்பது. விசுவாசம் சாவுப் பயத்தை வெல்லும் என்றால் அந்த வெற்றி நோயாளியின் நெஞ்சுக்குள் மட்டும் நடக்க முடியாது. யாராவது வந்து உட்கார வேண்டும், தூக்கம் வந்தாலும்.

கொம்பியேன் கதை நமக்குக் கிடைத்த விதத்தையும் சொல்லவேண்டும். கைது நடந்த நாட்களில் மரி என்ற கன்னியர் வேறு வேலையாகப் பாரிசில் இருந்ததால் தப்பினார். நாவலிலும் நாடகத்திலும் மறைசாட்சியத்துக்கு எல்லாரையும்விட ஆசைப்பட்டவளாக வருபவள் இந்த மரிதான். அவளுக்கு மட்டும் அது கிடைக்காமல் போகிறது. உண்மையான மரி அதன்பின் 42 ஆண்டுகள் உயிரோடிருந்து 1836-இல் இறந்தார். தோழியரைப் பற்றி அவர் எழுதிவைத்த குறிப்புகளே பின்னால் வந்த எல்லா எழுத்துக்கும் ஊற்று. மடத்தலைவி 1792-இல் ஒரு யோசனை சொன்னதாக அதில் எழுதுகிறார்: நாட்டிலும் திருச்சபையிலும் அமைதி திரும்ப நம் உயிர்களைக் காணிக்கையாக ஒப்புக்கொடுப்போம். எல்லாரும் சம்மதித்தபோது மூத்த கன்னியர் இருவர் மட்டும் மிரண்டுபோனார்கள். கில்லட்டினை நினைத்து அவர்களுக்கு நடுக்கம் எடுத்தது. பிறகுதான் கண்ணீரோடு வந்து மன்னிப்புக் கேட்டு, எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அவர்களில் ஒருவர் சார்லோட். 1794-இல் அவருக்கு 78 வயது, ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது. பாரிஸ் சிறை வாசலில் கைகள் கட்டப்பட்ட நிலையில் வண்டியிலிருந்து இறங்கத் தடுமாறியபோது காவலன் ஒருவன் அவரைத் தூக்கிக் கல்தரையில் எறிந்தான். இரத்தத்தோடு எழுந்த கிழவி, உன் மேல் எனக்குக் கோபமில்லை, என்னை இங்கேயே கொன்றுவிடாததற்கு நன்றி என்றாராம். புனிதர் பட்டத்துக்குப் போகிற ஒருவரின் வரலாற்றில் இந்த இரண்டாவது காட்சியை மட்டும் வைத்துக்கொண்டு முதலாவதை விட்டுவிட்டிருக்கலாம். பெரும்பாலான புனிதர் சரித்திரங்கள் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. மரி இரண்டையும் எழுதினார்.